ஆறு நைட், ஆறு டே: ஆம்புலன்ஸ் ஆட்கள் தூங்குவது எப்போது?

ஸ்ட்ரெச்சர் கைப்பிடி கேட்டது:

ஆம்புலன்ஸில் இஎம்டி (அவசர மருத்துவ உதவியாளர்) வேலை. 12 மணி நேர ஷிஃப்ட். காலை 8 முதல் இரவு 8, இல்லையென்றால் இரவு 8 முதல் காலை 8. ஒரு வாரம் ஆறு டே, அடுத்த வாரம் ஆறு நைட். வண்டிக்கு இரண்டு ஜோடி, ஜோடிக்கு ஒரு இஎம்டி, ஒரு பைலட் (டிரைவர்). ஞாயிறு மட்டும் ரிலீவர் (மாற்று ஜோடி). இந்த அமைப்பை வைத்துக்கொண்டு பதில் சொன்னால் உதவியாக இருக்கும். "தியானம் பண்ணுங்க, வெதுவெதுப்பாகப் பால் குடிங்க" எல்லாம் ஏற்கெனவே வேண்டிய மட்டும் கிடைத்துவிட்டது.

ஒன்று: நைட் முடிந்து ஒன்பதரைக்குப் படுத்தால் பன்னிரண்டரைக்குத் தானாக விழிப்பு வருகிறது, அதற்குப் பிறகு தூக்கமே இல்லை. ஏன்? இரண்டு: நைட்டில் மூன்று மணிக்கு மேல் கேஸ் இல்லாவிட்டால் வண்டியில் கொஞ்சம் கண் அசரலாமா? எழுந்த உடனே கேஸ் வந்தால் தலை மரத்துப்போன மாதிரி இருக்கிறதே? மூன்று: டீ எத்தனை மணி வரைக்கும்? நான்கு: கடைசி நைட் முடிந்து மறுநாள் டே போக வேண்டிய அந்த ஒரு நாளை எப்படி ஓட்டுவது?

---

தலைகீழ் கடிகாரம் எழுதியது:

முதல் கேள்வியை விரிவாகப் பார்ப்போம். நாலாவதற்கும் விடை அதிலேயே இருக்கிறது.

பன்னிரண்டரைக்கு விழிப்பு வருவது வியாதி இல்லை. தூக்கத்தை இரண்டு விசைகள் ஆள்கின்றன. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்ந்து தூக்கக் கடன் ஏறுகிறது; இது முதல் விசை. இரண்டாவது, மூளையின் அடிப்பகுதியில், இரண்டு கண்களின் நரம்புகளும் குறுக்கே கடக்கும் இடத்துக்கு மேலே, அரிசி மணி அளவில் இருக்கும் நரம்புக் கொத்து. உடம்பின் கடிகாரம் அதுதான். உடல் வெப்பநிலையை விடிகாலை 4 – 5 மணி வாக்கில் அடிமட்டத்துக்குக் கொண்டுபோய், பிறகு சாயங்காலம் வரை ஏற்றிக்கொண்டே போகும். நீங்கள் ஆறு நாள் நைட் பார்த்தாலும் அது பெரும்பாலும் பழைய பஞ்சாங்கத்தைத்தான் படித்துக்கொண்டிருக்கும்.

ஒன்பதரைக்குப் படுக்கும்போது கடன் மலையாகக் குவிந்திருக்கிறது, அதனால் படுத்ததும் தூக்கம் அள்ளுகிறது. முதல் மூன்று மணி நேரத்து ஆழ்ந்த தூக்கத்தில் கடனில் பெரும்பகுதி அடைபட்டுவிடும். அதற்குள் கடிகாரம் நடுப்பகலைக் காட்டும், உடம்புச் சூடும் ஏறியிருக்கும். தூங்கவைக்கும் விசை இளைத்து, எழுப்பும் விசை ஓங்குகிற நேரம்தான் உங்கள் பன்னிரண்டரை. இரவில் 7 – 8 மணி நேரம் தூங்குகிறவர்களுக்கும் பகலில் 5 – 6 மணி நேரத்துக்கு மேல் பெரும்பாலும் வராது.

ஆகவே விழிப்பு வந்த பிறகு புரண்டு புரண்டு மல்லுக்கட்ட வேண்டாம். தூக்கத்தை இரண்டாகப் பிரியுங்கள். ஒன்பதரையிலிருந்து ஒரு மணி வரை முதல் தவணை. எழுந்து சாப்பிட்டு, வீட்டு வேலை இருந்தால் முடித்துவிட்டு, மூன்றிலிருந்து நாலரை அல்லது ஐந்து வரை இரண்டாம் தவணை. மத்தியானம் இரண்டிலிருந்து நான்கு வரை உடம்பே கொஞ்சம் சாயும், அந்தச் சரிவில் படுத்தால் தூக்கம் பிடிக்கும். "டூட்டிக்குக் கிளம்பும் முன் ஆறரைக்கு ஒரு குட்டித் தூக்கம்" என்று தள்ளிப் போட்டால் கிடைக்காது. வழக்கமான படுக்கை நேரத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரத்தில்தான் கடிகாரம் விழிப்பை மிக இறுக்கமாகப் பிடித்து வைத்திருக்கும். அந்த நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருக்கத்தான் முடியும்.

அடுத்தது வெளிச்சம். பலரும் கோட்டை விடுவது இதில்தான். வீட்டு டியூப்லைட் வெளிச்சம் 100 – 300 லக்ஸ். காலை எட்டரை மணி வெயில் பல்லாயிரம் லக்ஸ். வெப்பநிலை அடிமட்டத்தைத் தொடுவதற்கு முன்னால் கண்ணில் படும் பலத்த வெளிச்சம் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளும். தொட்ட பிறகு படுவது முன்னுக்கு இழுக்கும். நைட் முடிந்து வீடு திரும்பும் வழியில் வாங்கும் வெயில் இரண்டாவது வகை. "விடிந்துவிட்டது, எழுந்திரு" என்று மூளைக்குத் தந்தி அடித்துவிட்டுப் போய்ப் படுத்தால் அது எப்படித் தூங்கவிடும்? பஸ்ஸிலோ இன்னொருவர் வண்டியில் பின்னாலோ வந்தால் கறுப்புக் கண்ணாடி போடுங்கள், தொப்பி வையுங்கள். நீங்களே பைக் ஓட்டினால் கறுப்புக் கண்ணாடி கூடாது. தூக்கக் கலக்கத்தில் அது இன்னும் சொக்கவைக்கும்.

இனி நாலாவது கேள்வி. கடைசி நைட் முடிந்த காலையில் ஆசை தீரத் தூங்கக் கூடாது. ஒன்பதரைக்குப் படுத்து, பதினொன்றரைக்கு அலாரம். எரிச்சலாகத்தான் இருக்கும், எழுந்துவிடுங்கள். மீதி நாளை வெளிச்சத்தில் கழியுங்கள், மத்தியானம் மறுபடி படுக்காதீர்கள், இரவு ஒன்பதுக்குள் படுக்கை. பாதிக் கடனை மிச்சம் வைத்தால்தான் அன்றிரவு தூக்கம் வரும். அன்று மட்டும் மாலை நான்கு வரை தூங்கிவிட்டால் இரவு இரண்டு மணிக்கு கொட்டக் கொட்ட விழித்திருந்து, காலை எட்டுக்கு டே டூட்டியில் தள்ளாடுவீர்கள்.

முதல் நைட்டுக்கு நேர்மாறு. காலையில் முடிந்த மட்டும் தாமதமாக எழுந்து, மத்தியானம் இரண்டரையிலிருந்து நான்கு வரை 90 நிமிடம் தூங்கிவிட்டுப் போக வேண்டும்.

---

நெடுஞ்சாலை பைலட் எழுதியது:

தலைகீழ் கடிகாரம் சார் சொன்ன அந்த முதல் நைட்டைத்தான் நானும் சொல்ல வந்தேன். காலைல ஏழு மணிக்கு எழுந்த ஆளு மத்தியானம் தூங்காம டூட்டிக்கு வந்தா, நடுராத்திரி 12 மணிக்கே 17 மணி நேரம் முழிச்சிருக்கார். ஆஸ்திரேலியாவில் 1997-ல டாசன், ரீட்னு ரெண்டு பேர் அளந்து காட்டினாங்க: 17 மணி நேரம் முழிச்சிருக்கிற ஆளோட கை-கண் வேலை, ரத்தத்தில 100 மி.லி.க்கு 50 மி.கி. சாராயம் இருக்கிறவன் அளவுக்குத் தடுமாறுது. நம்ம நாட்டு மோட்டார் வாகனச் சட்டத்தில வரம்பு 30 மி.கி. போலீஸ் ஊதச் சொன்னா ஒண்ணும் காட்டாது, ஆனா சைரன் போட்டுக்கிட்டு ஓட்டுற ஆளு வரம்பைத் தாண்டின ஆளுதான். அதுக்கப்புறம் இன்னும் எட்டு மணி நேரம் டூட்டி பாக்கி.

இப்போ இரண்டாவது கேள்வி. கண்டிப்பா கண் அசரலாம், அசரணும். அமெரிக்காவில அவசர மருத்துவ ஊழியர்களுக்கு 2018-ல வந்த களைப்பு வழிகாட்டியிலேயே டூட்டி நேரத்தில தூங்க வாய்ப்புக் கொடுக்கணும்னு எழுதியிருக்கு. எவ்வளவு நேரம், எழுந்ததும் என்ன செய்யறதுங்கிறதுதான் விஷயம்.

20 நிமிஷம். அலாரம் 25-க்கு வைங்க, தூக்கம் பிடிக்க அஞ்சு நிமிஷம் ஆகும். நாசா விமானிகளை வெச்சுப் பண்ணின சோதனையில 40 நிமிஷம் ஒதுக்கிக் கொடுத்ததுக்கு அவங்க தூங்கினது சராசரி 26 நிமிஷம்தான், அதுக்கே நல்ல பலன். அரை மணியைத் தாண்டினா ஆழ்ந்த தூக்கத்துக்குள்ள இறங்கிடுவீங்க. அங்கேர்ந்து எழுப்பினா தலை மரத்துப் போகும். அதுவும் விடிகாலை மூணு நாலு மணின்னா கேட்கவே வேணாம். அந்த மந்தம் சாதாரணமா 15 – 30 நிமிஷம், சில பேருக்கு ஒரு மணி நேரம்கூட இருக்கும். நீளமாத் தூங்க வாய்ப்பிருந்தா 11-லேர்ந்து ஒண்ணுக்குள்ள தூங்குங்க, மூணு மணிக்கு மேல குட்டித் தூக்கம் மட்டும்.

ஜோடியில ஒருத்தர் தூங்கினா இன்னொருத்தர் முழிச்சிருக்கணும், போன் அவர் கையில. ஸ்ட்ரெச்சர்ல படுக்காதீங்க, போன கேஸுல வந்தவருக்கு என்ன இருந்ததுன்னு தெரியாது. பக்கத்து பெஞ்ச் சீட் போதும். கதவை அடைச்ச ஷெட்டுக்குள்ள ஏசிக்காக எஞ்சினை ஓடவிட்டுட்டு மட்டும் தூங்கவே தூங்காதீங்க. புகையில கார்பன் மோனாக்சைடு இருக்கு, வாசனை வராது.

கேஸ் வந்துட்டா 15 நிமிஷம் உட்கார்ந்து தெளிய யாரும் விட மாட்டாங்க. அதனால செய்ய வேண்டியது இதுதான். எழுந்த ஆளு உடனே ஸ்டியரிங் பிடிக்கக் கூடாது, முழிச்சிருந்த ஆளு பைலட்டா இருந்தா சரி. தூங்கினது பைலட்டே தான்னா, இறங்கி நின்னு முகத்தைக் கழுவி, கேபின் லைட்டைப் போட்டு, விலாசத்தையும் லேண்ட்மார்க்கையும் போனில வாய்விட்டுத் திருப்பிச் சொல்லிட்டு அப்புறம் சாவியைத் திருகணும். ஒரு நிமிஷம் போகும். அந்த ஒரு நிமிஷம் போனா பரவாயில்லை.

இஎம்டிக்கு ஆபத்து மருந்து எடுக்கிற இடத்தில. அட்ரினலின் ஆம்பியூல் 1 மி.லி.யில 1 மி.கி., அட்ரோபின் ஆம்பியூல் 1 மி.லி.யில 0.6 மி.கி. ரெண்டும் சுண்டு விரல் அளவுக் கண்ணாடி, ரெண்டுலயும் பொடி எழுத்து. அதே அட்ரினலின், இதயம் நின்னவருக்கு 1 மி.கி. நரம்பு வழியா, கடும் ஒவ்வாமையில பெரியவருக்கு 0.5 மி.கி. தொடைத் தசையில. கலங்கின மூளை "அட்ரினலின்னா ஒரு ஆம்பியூல்"னு பழைய பழக்கத்தில முழுசா ஏத்திடும், அதையும் நரம்பிலயே ஏத்திடும். மூணு மணிக்கு மேல ஒரு விதி வைங்க: உடைக்கிறதுக்கு முன்னால ஆம்பியூல் மேல இருக்கிற பேரு, அளவு, எவ்வளவு ஏத்தப் போறோம், எந்த வழி, நாலையும் சத்தமாப் படிக்கணும், பக்கத்தில யார் இருந்தாலும் திருப்பிச் சொல்லணும். போன்ல டாக்டர் ஆர்டர் சொன்னா அவர்கிட்டயும் அதே மாதிரி. குழந்தை கேஸ்னா எடையைக் கேஸ் ஷீட்ல எழுதினதுக்கு அப்புறம்தான் கணக்கு, மனக்கணக்கு கூடவே கூடாது.

கடைசியா ஓட்டுறது. கண்ணைத் திறந்துக்கிட்டே நாலு செகண்ட் தூங்கிடலாம். 80-ல போகும்போது செகண்டுக்கு 22 மீட்டர், நாலு செகண்டுல கிட்டத்தட்ட 90 மீட்டர் வண்டி தானாப் போயிருக்கும். கடைசி ரெண்டு கிலோமீட்டர் ஞாபகத்தில இல்லை, வெள்ளைக் கோட்டு மேல டயர் ஏறுது, தாடை தொங்குது, இதில ஒண்ணு வந்தாலும் போதும், அது கடைசி எச்சரிக்கை. ஜன்னலைத் திறந்து விடறது, இளையராஜாவைச் சத்தமா வைக்கிறது, இதெல்லாம் சில நிமிஷத்துக்கு மேல தாங்காது. ரெண்டுதான் வேலை செய்யும்: டீ காபி, குட்டித் தூக்கம். ரெண்டையும் சேர்த்தா இன்னும் நல்லது. காபியைக் குடிச்ச கையோட 15 நிமிஷம் கண்ணை மூடணும். காஃபின் ஏற 15 – 30 நிமிஷம் ஆகும்கிறதால எழும்போது ரெண்டும் ஒண்ணாக் கிடைக்கும். பேஷண்ட்டை இறக்கிட்டுத் திரும்பி வர்ற வழியிலதான் அதிகம் சொக்கும். போகும்போது பதட்டம் முழிக்க வைக்குது, வரும்போது அது இருக்காது.

---

மருந்துச்சீட்டு எழுதியது:

டீ கணக்கு என் பக்கம்.

காஃபின் அடினோசினை அழிப்பதில்லை. அது போய் உட்கார வேண்டிய நாற்காலியில் தான் உட்கார்ந்துகொள்கிறது. கடன் அப்படியே இருக்கும், கடன்காரன் கதவைத் தட்டுவது மட்டும் காதில் விழாது. உடம்பில் உள்ள காஃபினில் பாதி வெளியேறச் சராசரியாக 5 மணி நேரம் ஆகும். கருத்தடை மாத்திரை எடுக்கும் பெண்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இன்னும் அதிகம்; புகைபிடிப்பவர்களுக்குக் குறைவு.

டீக்கடைக் கண்ணாடி கிளாஸ் டீ ஒன்றில் 30 – 50 மி.கி. இருக்கலாம், மாஸ்டர் எவ்வளவு கொதிக்கவிட்டார் என்பதைப் பொறுத்தது. இன்ஸ்டன்ட் காபித் தூள் ஒரு ஸ்பூன் சுமார் 60 மி.கி. டிகாஷன் கெட்டியான ஃபில்டர் காபி அதற்கு மேல். 250 மி.லி. எனர்ஜி டிரிங்க் 75 மி.கி. அருகில், கூடவே ஐந்தாறு ஸ்பூன் சர்க்கரை.

2013-ல் வந்த ஓர் ஆய்வில் படுப்பதற்கு 6 மணி நேரம் முன்பு 400 மி.கி. கொடுத்துப் பார்த்தார்கள். அப்போதும் தூக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைந்தது. நீங்கள் ஒன்பதரைக்குப் படுப்பவர். ஆகவே கடைசி டீ இரண்டு மணிக்கு. மொத்தமாகக் குடிக்காமல் பத்து, பன்னிரண்டு, இரண்டு என்று ஒவ்வொரு கிளாஸாகக் குடித்தால் மூன்று – ஐந்து மணி இறக்கத்திலும் கொஞ்சம் தாங்கும். ஓட்டுகிறவர் நாலு மணிக்குச் சொக்கினால் விதியைத் தூக்கி எறிந்துவிட்டுக் குடிக்கட்டும். தூக்கம் கெட்டால் மறுநாள் சரிசெய்யலாம்.

எதற்கும் உதவாத டீ ஒன்று உண்டு. ஹேண்டோவர் முடித்து எட்டு பத்துக்கு எதிர்க்கடையில் ரிலீவ் ஆன ஜோடியும் வந்த ஜோடியும் சேர்ந்து குடிப்பது. கூட ஒரு சிகரெட். நிகோடினும் விழிக்கவைக்கும் சரக்குதான். அரட்டையை விட வேண்டாம், கையில் கிளாஸுக்குப் பதில் வேறு ஏதாவது இருக்கட்டும்.

மாத்திரை விஷயத்தில் கறாராகவே சொல்கிறேன். அலர்ஜி மாத்திரையைத் தூக்க மாத்திரையாக விழுங்கும் பழக்கம் இந்தத் துறையில் சகஜம். செட்டிரிசின், அவில் இரண்டின் மயக்கமும் மாலை வரை ஒட்டிக்கொண்டிருக்கும். தூங்கின மாதிரி இருக்கும், எட்டு மணி டூட்டியில் கை மெதுவாகும். அல்பிரசோலாம், சோல்பிடெம் என்ற தூக்க மாத்திரைகள் இரண்டும், டாக்டர் சீட்டு இருந்தால்தான் விற்கலாம் என்ற எச்1 அட்டவணையில் உள்ளவை. சீட்டு இல்லாமல் கொடுக்கிற கடைக்காரர் உங்களுக்கு உதவி செய்யவில்லை. மெலட்டோனின் வேறு வகை, இரவில் உடம்பே சுரக்கும் ஹார்மோன் அது. பகல் தூக்கத்தைக் கொஞ்சம் நீட்டித்துத் தரும், மிகப் பெரிய பலன் எதிர்பார்க்க வேண்டாம். 1 – 3 மி.கி. போதும், படுக்கப் போகும் முன், வீடு வந்து சேர்ந்த பிறகு மட்டும். போட்டுவிட்டு பைக் எடுக்கக் கூடாது. சர்க்கரை, ரத்த அழுத்தம், வலிப்பு மாத்திரை ஏதாவது எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம். இன்சுலின் போடுபவர் நைட் வாரத்தில் நேரத்தைத் தானாக மாற்றிக்கொள்வதும் அதே ரகத் தவறு.

"ஒரு குவார்ட்டர் போட்டால் நன்றாகத் தூங்கலாம்" என்பவர்களுக்கு: தூங்க ஆரம்பிப்பது வேகமாகும், பின்பாதித் தூக்கம் துண்டு துண்டாகும். ஏற்கெனவே மூன்று மணி நேரத்தில் விழிக்கிற ஆளுக்கு அது இரண்டாகக் குறையும்.

---

பழைய பெல்ட் எழுதியது:

இவ்வளவு கணக்கு எதற்கு? தொடர்ந்து நைட்டே வாங்கிக்கொண்டால் ஒரு மாதத்தில் உடம்பு பழகிவிடும். மாறி மாறி வாங்குவதுதான் தப்பு.

---

ரோஸ்டர் நோட்டு எழுதியது:

பழைய பெல்ட் அண்ணன் சொல்வதில் பாதி சரி. மாறி மாறி ஆறு நாள் என்பது இருப்பதிலேயே மோசமான சுற்று. கடிகாரம் நாளைக்குச் சுமார் ஒரு மணி நேரம்தான் நகரும். ஆறாவது நைட்டில் அதிகபட்சம் பாதி தூரம் போயிருக்கும்போது "போதும், திரும்பு" என்கிறோம். உடம்பு இரவுக்கும் சேராமல் பகலுக்கும் சேராமல் நடுவழியில் நிற்கிறது.

ஆனால் நிரந்தர நைட் பார்ப்பவர்களில் முழுதாகப் பழகியவர்கள் மிகக் குறைவு. காரணம் வார விடுமுறை. அந்த ஒரு நாள் குடும்பத்தோடு பகலில் விழித்து இரவில் தூங்கினால் நகர்ந்ததெல்லாம் பழைய இடத்துக்கு வந்துவிடும். நிரந்தர நைட் எடுப்பவர் விடுமுறையிலும் விடிகாலை மூன்று மணிக்குப் படுத்து மதியம் எழுந்தால்தான் ஓரளவு நிற்கும். கல்யாணம், காதுகுத்து, பள்ளிக்கூட மீட்டிங் எல்லாம் இருக்கிற வீட்டில் அது நடக்கிற காரியமா? போதாக்குறைக்கு, இரவு ஷிஃப்ட் வேலையை உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007-லும் மறுபடி 2019-லும் "மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது" என்ற 2ஏ வகையில் வைத்திருக்கிறது. நைட்டைக் குவித்து வாங்க அவசரப்பட வேண்டாம்.

"டே, ஈவினிங், நைட் என்று முன்னோக்கிச் சுற்றினால் நல்லது" என்று எல்லா இடத்திலும் படித்திருப்பீர்கள். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஒரு பொட்டாஷ் ஆலையில் 1982-ல் வெளியான ஆய்விலிருந்து வந்தது அது, உண்மைதான். ஆனால் 8 மணி நேர மூன்று ஷிஃப்ட்டுக்கு. நம் 12 மணி நேர இரண்டு ஷிஃப்ட்டில் எந்தப் பக்கம் சுற்றினாலும் தாண்ட வேண்டியது 12 மணி நேரம்தான். அந்த அறிவுரையை அப்படியே ஒட்டினால் பயன் இல்லை.

பயன் தருவது தொடர் நைட்டைக் குறைப்பது. வண்டிக்கு நாலு ஜோடி இருந்தால் இரண்டு டே, இரண்டு நைட், நாலு நாள் ஓய்வு. வாரச் சராசரி 42 மணி நேரம். உங்களுக்கு இருப்பது இரண்டு ஜோடி, ஆறு ஷிஃப்ட், வாரம் 72 மணி நேரம். இதைத் தூக்கத்தால் மட்டும் ஈடுகட்ட முடியாது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். அதே ஆட்களை வைத்துச் செய்யக்கூடிய ஒரு மாற்றம் இருக்கிறது.

முதல் ஜோடி திங்கள், செவ்வாய், புதன் டே. வியாழன், வெள்ளி, சனி நைட். இரண்டாம் ஜோடி திங்கள், செவ்வாய், புதன் நைட். வெள்ளி, சனி, ஞாயிறு டே. ரிலீவர் ஜோடிக்கு வியாழன் டே ஒன்று, ஞாயிறு நைட் ஒன்று. மொத்தம் 14 ஷிஃப்ட், யாருக்கும் கூடவில்லை. தொடர் நைட் மூன்றைத் தாண்டாது, டேயிலிருந்து நைட்டுக்கோ நைட்டிலிருந்து டேக்கோ மாறும்போது 24 மணி நேர இடைவெளி கட்டாயம் இருக்கும். மூன்றே நைட் என்பதால் கடிகாரத்தை நகர்த்தவே முயல வேண்டாம். இரண்டு தவணைத் தூக்கத்தோடு சமாளித்துவிட்டுத் திரும்பிவிடலாம்.

வழுக்கும் இடம் வியாழன். ரிலீவர் வராவிட்டால் இரண்டாம் ஜோடி புதன் நைட் முடித்த கையோடு வியாழன் டேயும் பார்க்க வேண்டி வரும், 24 மணி நேரம் ஒரே மூச்சில். அப்படி ஆகாது என்று எழுத்தில் வாங்காமல் இந்தச் சுற்றுக்குச் சம்மதிக்காதீர்கள். இன்னொரு நஷ்டமும் உண்டு: இப்போது டே வாரம் முடிந்ததும் சனி இரவு 8 முதல் திங்கள் இரவு 8 வரை 48 மணி நேரம் கிடைக்கிறது, அது போய்விடும். சொந்த ஊர் தூரமாக இருப்பவர்கள் இதற்காகவே எதிர்ப்பார்கள். அவர்கள் எதிர்ப்பதும் நியாயம்தான்.

---

பகல்நிலா எழுதியது:

எல்லாரும் மூளையைப் பற்றிப் பேசிவிட்டீர்கள், வீட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. பன்னிரண்டரை விழிப்பில் பாதி கடிகாரம், மீதி குக்கர் விசில்.

அறை இருட்டாக வேண்டும். திரைச்சீலை போதாது. ஜன்னல் கண்ணாடியில் கறுப்பு சார்ட் பேப்பரை உள்பக்கம் ஒட்டுங்கள், மேலே வென்டிலேட்டரை மறக்காதீர்கள், வெளிச்சம் அதிகம் வருவது அதன் வழியாகத்தான். கையை நீட்டினால் விரல் மங்கலாகத் தெரிகிற அளவு இருட்டு போதும். சத்தத்துக்கு ஃபேன், சீலிங் ஃபேனோடு ஒரு டேபிள் ஃபேனைச் சுவரைப் பார்த்து ஓடவிட்டால் அந்த ஒரே மாதிரி இரைச்சலில் தெருச் சத்தம் அமுங்கும். காலிங் பெல்லுக்குத் தனி சுவிட்ச் வைக்க எலக்ட்ரீஷியனுக்கு அரை மணி நேர வேலை. போனை முழுதாக அணைக்க முடியாது என்பது புரிகிறது. தொந்தரவு செய்யாதே நிலையில் வைத்து இரண்டே எண்களுக்கு மட்டும் ஒலிக்கும்படி செய்யுங்கள்.

தகரக் கூரை, மொட்டை மாடி அறை என்றால் பதினொன்று மணிக்கு மேல் அங்கே தூக்கத்துக்கு வழியே இல்லை. கீழே தரையில், வடக்குப் பார்த்த அறையில் பாய் போடுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை பெரும்பாலும் காலை ஒன்பது மணிக்குத்தான் தொடங்கும், சரியாக நீங்கள் படுக்கிற நேரம். எந்தத் தேதி என்று முன்கூட்டியே பேப்பரில் வரும். நைட் வாரத்தில் அந்தத் தேதி விழுந்தால் அன்று வேறு வீட்டில் படுக்க ஏற்பாடு செய்துவிடுங்கள்.

சாப்பாடு: கனமானது டூட்டிக்கு முன், ஏழு மணிக்கு. பன்னிரண்டு மணிக்குள் சுண்டல், இரண்டு இட்லி, வாழைப்பழம் மாதிரி ஏதாவது. இரண்டிலிருந்து ஐந்து வரை தண்ணீர் மட்டும் போதும். அந்த நேரத்தில் சர்க்கரையைக் கையாள உடம்பு தயாராக இல்லை. ஒரு மணிக்குப் பரோட்டாவும் சால்னாவும் அடித்தால் மூன்று மணிக்கு நெஞ்செரிச்சலும் தூக்கமும் சேர்ந்து வரும். காலையில் படுக்கும் முன் வெறும் வயிறும் வேண்டாம், ஃபுல் மீல்ஸும் வேண்டாம். இரண்டு இட்லி.

பெண் இஎம்டிகள், நர்ஸ்கள் இதைப் படித்தால் ஒன்று: "பகலில் வீட்டில்தானே இருக்கா" என்ற ஒரு வரி எத்தனை சார்ட் பேப்பர் ஒட்டினாலும் தூக்கத்தைக் கெடுக்கும். சமைத்துவிட்டுப் படுக்கிறேன் என்று ஆரம்பித்தால் பதினொன்றாகும், அதற்குள் உடம்பு ஏறுமுகத்தில் இருக்கும், படுத்தாலும் இரண்டு மணி நேரம்தான். முதல் தவணைக்கு முன் அடுப்படி கிடையாது என்று நைட் வாரத்துக்கு மட்டுமாவது வீட்டில் பேசி முடித்துக்கொள்ளுங்கள். ஒன்பதரையிலிருந்து ஒன்று வரை தூக்கம், சமையல் அதற்குப் பிறகு.

டாக்டரைப் பார்க்க வேண்டியது எப்போது என்றும் சொல்லிவிடுகிறேன். பகலில் எவ்வளவு தூக்கம் சொக்குகிறது என்று அளக்க எப்வொர்த் என்று எட்டுக் கேள்வித் தாள் ஒன்று இருக்கிறது, மொத்தம் 24 மதிப்பெண், 10-ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும். டே வாரத்திலும் தூக்கம் சரியில்லாமல் மூன்று மாதத்துக்கு மேல் போனால், அல்லது பலமாகக் குறட்டை விட்டு நடுவில் மூச்சு நிற்கிறது என்று வீட்டார் சொன்னால், ஷிஃப்ட்டை மட்டும் குறை சொல்லிக்கொண்டிருக்காதீர்கள்.

---

ஸ்ட்ரெச்சர் கைப்பிடி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. வியாழன் ரிலீவர் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்தேன், 14 சரியாக வருகிறது. சூப்பர்வைசரிடம் கொண்டு போகிறேன். மருந்துச்சீட்டு சாருக்கு ஒரு கேள்வி: நைட்டுக்கு இப்போது ஆறேழு டீ. நாளையே மூன்றாக்கினால் தலைவலி வருமா?

---

மருந்துச்சீட்டு எழுதியது:

வரும். நிறுத்தின 12 – 24 மணி நேரத்தில் ஆரம்பித்து இரண்டாம் நாள் உச்சத்துக்குப் போகும், ஒரு வாரம்கூட இழுக்கலாம். கூடவே எரிச்சல், மந்தம். நைட் வாரத்தின் நடுவில் இதைச் செய்யாதீர்கள், டே வாரத்தில் ஆரம்பியுங்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு கிளாஸ் வீதம் குறையுங்கள். முதலில் விட வேண்டியது ஷிஃப்ட் முடிந்ததும் குடிக்கிற எட்டு பத்து டீ, அடுத்தது நாலு மணி டீ. பத்து மணி டீயைத் தொட வேண்டாம், அது கடைசி வரை இருக்கட்டும்.